கிரேக்கம் மட்டும் போதாது, எபிரேயமும் படியுங்கள்

வணக்கம். 30 வயதில் வேலையை விட்டுவிட்டு ஆதிக் கிறிஸ்தவ வரலாறு படிக்கலாமா, கிரேக்கம் ஓரளவு வருகிறது, எபிரேயமும் அரமேயமும் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். கண்டிப்பாக வேண்டும். தாமதமெல்லாம் ஆகிவிடவில்லை.

இயேசுவையும் பண்டைய யூத மதத்தையும் ஆராய்ந்த அறிஞர் கேஸா வெர்மெஷின் வாழ்க்கையைக் கொஞ்சம் பாருங்கள். 1924இல் ஹங்கேரியில் யூதக் குடும்பத்தில் பிறந்து கத்தோலிக்கராக வளர்ந்தவர், பெற்றோரை நாஜிப் படுகொலையில் இழந்தார், பின்னர் கத்தோலிக்கக் குருவானார். சாக்கடல் அருகே குகைகளில் கிடைத்த பழைய யூதக் கையெழுத்துப் பிரதிகளான சாக்கடல் சுருள்கள் வெளிவந்த புதிதிலேயே அவற்றை ஆராய்ந்து 1953இல் பெல்ஜியத்தின் லூவேனில் முனைவர் பட்டம் முடித்தார். அப்புறம் குருத்துவத்தை விட்டு இங்கிலாந்து போய், ஆக்ஸ்போர்டில் யூதவியல் கற்பிக்க இடம் கிடைத்தபோது வருடம் 1965, வயது 40ஐத் தாண்டிவிட்டது. அவருக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்த, இயேசுவை யூதராகவே பார்க்கும் நூல் 1973இல்தான் வந்தது. அதில் இயேசுவை ஹனினா பென் தோசா போன்ற கலிலேய யூதப் புனிதர்களோடு சேர்த்து வைத்துப் பேசுகிறார். ஹனினாவின் கதைகள் இருப்பது மிஷ்னா, தால்மூத் என்ற பழைய யூத ரபிகளின் தொகுப்பு நூல்களில், அதாவது எபிரேயத்திலும் அரமேயத்திலும். கிரேக்கத்தோடு நின்றுவிட்டால் அந்தப் பக்கமே உங்களுக்குத் திறக்காது.

எபிரேயத்தை முதலில் எடுங்கள், அது வந்துவிட்டால் அரமேயம் பாதி வந்த மாதிரி. வேலையை விடுவதை மட்டும் முதுகலை இடம் உறுதியாகும்வரை தள்ளிப்போடுங்கள், இந்தத் துறையில் நிரந்தரப் பணியிடங்கள் மிகக் குறைவு.