வீல்சேரில் வரும் பிள்ளைக்கு பயாலஜி குரூப் வேண்டாமா?

மண்டபத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

பத்தாம் வகுப்பு அறிவியலில் நல்ல மார்க் வாங்கிய மகளை, "லேப்ல நிக்க முடியாதே, ஆர்ட்ஸ் குரூப்ல போட்டுருங்க" என்று பள்ளியில் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். பயாலஜி குரூப்பிலேயே சேருங்கள். லேபில் நின்றுகொண்டுதான் செய்ய வேண்டும் என்று எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. நம் பள்ளி மேசைகள் நிற்பவர்களுக்காக அடித்தவை, அவ்வளவுதான்.

லேப் மேசை சுமார் மூன்று அடி உயரம் இருக்கும். வீல்சேரில் இருப்பவருக்கு இரண்டரை அடி போதும். ஆனால் அடியில் முழங்கால் நுழைய வேண்டும், அலமாரி வைத்து அடைத்திருக்கக் கூடாது. வகுப்பறையில் சும்மா கிடக்கும் மேசை ஒன்றை குழாய்க்குப் பக்கத்தில் போட்டாலே பாதி வேலை முடிந்தது. லேப் மாடியில் என்றால், பிராக்டிகல் நடக்கும் நாளில் கீழே ஓர் அறை கேளுங்கள்.

டைட்ரேஷனையே எடுத்துக்கொள்வோம். ஒரு கரைசலில் இன்னொன்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் இடத்தை வைத்து அளவு கண்டுபிடிக்கும் சோதனை அது. ஸ்டாண்டைத் தாழ்வாக வைத்தால் பியூரெட்டின் (சொட்டு விடும், அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாய்) கோடு உட்கார்ந்தவர் கண்மட்டத்துக்கு வந்துவிடும். கரைசலை உறிஞ்சி எடுக்கும் பிப்பெட்டுக்கு ரப்பர் பல்ப் (வாயால் உறிஞ்சும் பழக்கம் யாருக்குமே ஆகாது). வலது கையில் பிடி தளர்வு என்கிறீர்கள். சரி, குடுவையைத் தோழி சுழற்றட்டும். பியூரெட்டை எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும், பெர்மாங்கனேட் கரைசலின் வெளிர் இளஞ்சிவப்பு கலையாமல் நின்ற சொட்டு எது என்பதை உங்கள் மகள்தான் சொல்ல வேண்டும். ரீடிங்கும் கணக்கும் அவளுடையது. மற்றவர்கள் செய்து முடித்ததைப் பார்த்து ரெக்கார்டு நோட்டு எழுதுவது மட்டும் அவள் வேலையாகிவிடக் கூடாது. பல இடங்களில் அன்பாலேயே இப்படி ஆகிவிடுகிறது.

ஒன்றைக் கண்டிப்பாகக் கேளுங்கள். உட்கார்ந்து வேலை செய்பவருக்கு எது சிந்தினாலும் மடியில்தான் சிந்தும். காலில் உணர்ச்சி குறைவாக இருந்தால் அமிலம் பட்டதே தெரியாது. மடியை மூடும் ரப்பர் ஏப்ரன், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையெட்டும் தூரத்தில் தண்ணீர் மூன்றும் வேண்டும்.

பிளஸ் டூவில் 100 மார்க்கில் 20 செய்முறைக்கு. "விலக்கு வாங்கிடலாம்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். மார்க் வந்துவிடும், ஆனால் கல்லூரி லேபுக்குள் பியூரெட்டைத் தொடாத பிள்ளையாகப் போவாள். விலக்குக்குப் பதில் கூடுதல் நேரமும் உதவியாளரும் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அரசுப் பள்ளிகளையும் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளையும் தேவையான வசதி செய்து தரச் சொல்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் 5 சதவீத இட ஒதுக்கீடும் அதில் உண்டு. டாக்டர் ஆசை இருந்தால், அந்த 40 சதவீதத்தை மட்டும் காரணம் காட்டி எம்.பி.பி.எஸ். இடத்தை மறுக்கக் கூடாது, தகுதியை ஆளுக்கு ஆள் மதிப்பிட வேண்டும் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

அப்புறம் வேலை. உங்கள் பக்கத்துக் கடல் ஆராய்ச்சியையே எடுத்துக்கொண்டால், படகில் போய் கடல்நீர் மாதிரி எடுப்பது சிரமம்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் கரைக்கு வந்த கடல்நீரை யாரோ லேபில் உட்கார்ந்துதானே சோதிக்கிறார்கள்? நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் முறையும் டைட்ரேஷன்தான், அதே பியூரெட். உங்கள் ஊரிலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையமும் கடற்பாசி ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. வேதியியலோ நுண்ணுயிரியலோ படித்தால் இந்தப் பக்கம் வழி உண்டு.

சேர்க்கைக்குப் போகும்போது மகளையும் ஓர் இஞ்ச் டேப்பையும் கொண்டுபோங்கள். லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வாசலில் வீல்சேர் நுழைகிறதா, குழாய் எட்டுகிறதா என்று அவளே பார்க்கட்டும். எட்டாததை எல்லாம் மனுவாக எழுதி, மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகலோடு தலைமையாசிரியரிடம் கொடுத்து, இன்னொரு பிரதியில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நடக்கவில்லை என்றால் அந்தப் பிரதியோடு ராமநாதபுரத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரைப் பாருங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம்.