பல்கலைக்கழக நன்கொடை அலுவலகம் என்ன செய்கிறது?

பணத்தை வாங்கியபிறகு அந்த அலுவலகத்துக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் பாதி வேலை அப்புறம்தான் தொடங்குகிறது.

ஹார்வர்ட் தமிழ் இருக்கையையே, அதாவது அந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கென்று ஒரு நிரந்தரப் பேராசிரியர் பதவியையே, எடுத்துக்கொள்ளுங்கள். தேவை 60 லட்சம் டாலர். மருத்துவர்கள் ஜானகிராமனும் சம்பந்தமும் ஆளுக்கு 5 லட்சம் டாலர் கொடுத்துத் தொடங்கிவைத்தார்கள், தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் தந்தது, பல நாட்டுத் தமிழர்களும் தங்களால் முடிந்ததைப் போட, 2018-இல் தொகை சேர்ந்தது. ஒரு பேராசிரியருக்கு இவ்வளவா என்று அப்போது நிறையப் பேர் கேட்டார்கள். அசலைத் தொடாமல் முதலீடு செய்து, ஆண்டுக்குச் சுமார் 4 முதல் 5 சதவீதம் மட்டுமே எடுத்துச் செலவழிப்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பொதுவான வழக்கம். கணக்குப் போட்டால் இரண்டரை, மூன்று லட்சம் டாலர்தான் வரும், ஆனால் ஆண்டுதோறும் வரும்.

சரி, அலுவலகத்தின் வேலை? ரசீதும் நன்றிக் கடிதமும் உடனே போகவேண்டும். உதவித்தொகைக்கென்று கொடுத்த பணம் கட்டடத்துக்குப் போய்விடாமல் காவல் இருக்கவேண்டும். நிதியின் இன்றைய மதிப்பு, இந்த ஆண்டு எடுத்தது, யாருக்குப் போனது என்று ஆண்டறிக்கை அனுப்பவேண்டும். அதோடு உதவி பெற்ற மாணவி கைப்பட எழுதிய ஒரு பக்கக் கடிதமும் இருந்தால், அச்சடித்த மலர் எதுவும் அதற்கு ஈடாகாது. நூறு ரூபாய் கொடுத்தவருக்கும் இந்த மரியாதை கிடைக்கவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

பெரிய தொகை கொடுப்பதாக இருந்தால், நீங்கள் பணம் கொடுத்த துறையை நாளை மூடிவிட்டால் பணம் எதற்குப் போகும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.