குறைவாக ஓடும் ஸ்கூட்டருக்கு எப்போது ஆயில் மாற்ற வேண்டும்?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 64. தூத்துக்குடியில் வசிக்கிறேன். 2018 அக்டோபரில் வாங்கிய 110 சிசி ஸ்கூட்டர் வைத்திருக்கிறேன். வாரத்தில் இரண்டு மூன்று நாள் காய்கறிக் கடைக்கும் கோயிலுக்கும் மட்டுமே எடுக்கிறேன். போக இரண்டு கிலோமீட்டர், வர இரண்டு கிலோமீட்டர். ஆண்டுக்கு 500 கிலோமீட்டர் தாண்டினால் பெரிது. சர்வீஸ் நிலையத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்கிறார்கள். கடைசியாகப் போனபோது 3,400 ரூபாய் ஆனது. பில்லின் நகலை இணைத்திருக்கிறேன். தெருமுனை மெக்கானிக்கோ, "ஓடாத வண்டிக்கு எதற்கம்மா ஆயில்? 3,000 கிலோமீட்டர் ஆகட்டும்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? இவ்வளவு குறைவாக ஓட்டும் எனக்கு இன்சூரன்ஸ் அவசியமா? ஆண்டுதோறும் இரண்டு மாதம் மகள் வீட்டுக்குப் போவேன். அப்போது வண்டியை எப்படி விட்டுச் செல்வது?

பதில்: அம்மா, மெக்கானிக் சொன்னபடி செய்யாதீர்கள். உங்கள் கணக்கில் 3,000 கிலோமீட்டர் ஓட ஆறு ஆண்டு ஆகும். அதுவரை ஒரே ஆயில் கிடந்தால் என்ஜின் தாங்காது. அதற்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் நிலையத்தில் போய் நிற்கவும் வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றுங்கள். மீட்டர் என்ன காட்டினாலும் அந்த ஒருமுறையைத் தள்ளிப்போடாதீர்கள். மாதம் நினைவில் நிற்க வேண்டுமென்றால், வண்டி வாங்கிய அக்டோபரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியோடு வந்த கையேட்டை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பராமரிப்பு வேலைக்கும் கிலோமீட்டர் ஒரு கணக்கு, மாதம் ஒரு கணக்கு என இரண்டு போட்டு, எது முதலில் வருகிறதோ அதன்படி செய்யச் சொல்லியிருப்பார்கள். நிறைய ஓட்டுபவருக்குக் கிலோமீட்டர் முந்தும். உங்களுக்கு எப்போதும் மாதம்தான் முந்தும்.

குறைவாக ஓடும் வண்டி குறைவாகத் தேயும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். உங்கள் ஓட்டத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். இரண்டு கிலோமீட்டர் என்பது ஆறேழு நிமிடம். என்ஜின் சரியாகச் சூடேறுவதற்குள் கடை வந்துவிடுகிறது, அணைத்துவிடுகிறீர்கள். பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது; ஒரு லிட்டர் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர். சூடான என்ஜினில் அது ஆவியாகவே சைலன்சர் வழியே வெளியேறிவிடும். குளிர்ந்த என்ஜினில் அதில் ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி, ஆயிலில் தண்ணீராகவே தங்கிவிடுகிறது. எரியாத பெட்ரோலும் கொஞ்சம் கூடவே இறங்கும். சைலன்சருக்குள் தேங்கும் ஈரம் அதை உள்ளிருந்தே அரிக்கும். தினமும் 40 கிலோமீட்டர் கல்லூரிக்குப் போய்வரும் வண்டியின் ஆயில் கறுத்துப்போயிருந்தாலும் நன்றாகவே உழைக்கும். உங்கள் வண்டி ஆயில் பார்க்கத் தெளிவாக இருக்கும். உள்ளே அதன் வழவழப்பு போயிருக்கும்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். என்ஜின் ஆறியிருக்கும்போது, ஆயில் ஊற்றும் இடத்து மூடியைத் திருகி எடுத்து அதன் அடிப்புறத்தைப் பாருங்கள். வெளிர்மஞ்சளாகப் பாலேடு போல ஒரு பசை ஒட்டியிருந்தால், ஆயிலில் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று பொருள். அப்படியானால் ஆண்டு முடியக் காத்திருக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

ஆயில் மாற்றுவதைவிட நல்ல வைத்தியம் ஒன்று இருக்கிறது. அதற்குச் செலவும் இல்லை. வாரத்தில் ஒருநாள், காலையில் கூட்டம் இல்லாத நேரத்தில், பாளையங்கோட்டை ரோட்டில் இருபது நிமிடம் நிற்காமல் ஓட்டிவிட்டு வாருங்கள். என்ஜின் முழுச் சூட்டுக்கு வரும், ஆயிலில் சேர்ந்த ஈரம் ஆவியாகும், பேட்டரியும் ஓரளவு ஏறும். இதை வழக்கமாக்கிக்கொண்டால் ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் தாராளம்.

இதற்குப் பதிலாகப் பலர் செய்வது, தினமும் காலையில் போர்டிகோவில் வண்டியை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். செல்ஃப் அழுத்தும்போது பேட்டரியிலிருந்து போகும் மின்சாரம் அந்த ஐந்து நிமிட ஐடிலில் திரும்பி வராது. என்ஜினும் சூடேறாது, தண்ணீர் மட்டும் சேரும். வண்டியை அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று நினைத்துக்கொண்டே அதைக் கெடுக்கும் வழி அது. காலையில் முதல் ஸ்டார்ட்டுக்குக் கிக்கரைப் பயன்படுத்துங்கள். முடியாத நாளில் செல்ஃப்.

இனி உங்கள் பில். அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. 'செயின் லூப்' என்று ஒரு வரி போட்டு 120 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். உங்கள் ஸ்கூட்டரில் வெளியே எண்ணெய் தடவும்படியான செயினே கிடையாது. பின்சக்கரத்தைச் சுற்றுவது ஒரு ரப்பர் பெல்ட்டும் அதன் பின்னே ஒரு சிறிய கியர்பெட்டியும். இல்லாத செயினுக்கு எண்ணெய் தடவிக் காசு வாங்கியிருக்கிறார்கள். பெண்கள், அதுவும் வயதானவர்கள் தனியாக வந்தால் பில்லைப் படிக்க மாட்டார்கள் என்ற துணிச்சல்தான் இது. கணினியில் ஏற்கெனவே பதிந்து வைத்திருக்கும் பட்டியலை வரும் வண்டிக்கெல்லாம் அச்சடித்துத் தருகிறார்கள். ஆட்களுக்கு மாதம் வண்டியின் உடலில் பூசும் டெஃப்லான் கோட்டிங் இத்தனை, என்ஜின் உள்ளே கழுவும் என்ஜின் ஃப்ளஷ் இத்தனை விற்றாக வேண்டும் என்று இலக்கு வைக்கும் வரை இது ஓயாது. புகார் கொடுத்தால் ஒரு மன்னிப்புக் குறுஞ்செய்தி வரும். பட்டியல் அப்படியே இருக்கும்.

பில்லில் உள்ள என்ஜின் ஃப்ளஷ், கரி நீக்கும் டீகார்பனைசிங், டெஃப்லான் கோட்டிங், பெட்ரோலில் ஊற்றும் அடிட்டிவ் இவற்றில் ஒன்றுகூட உங்கள் வண்டிக்குத் தேவையில்லை. கையேட்டின் பராமரிப்பு அட்டவணையில் இந்தப் பெயர்களைத் தேடிப் பாருங்கள். வண்டியைத் தயாரித்தவன் கேட்காததை விற்பவன் கேட்கிறான் என்றால் அது அவனுடைய தேவை.

ஆயிலிலும் ஒரு கணக்கு இருக்கிறது. உங்கள் வகை ஸ்கூட்டருக்கு ஒருமுறை மாற்ற 700 முதல் 800 மில்லிதான் பிடிக்கும். பில்லில் ஒரு லிட்டர் போட்டிருக்கிறார்கள். மீதியை டப்பாவோடு கேட்டு வாங்குங்கள், அல்லது அவ்வளவுக்கு மட்டும் பில் போடச் சொல்லுங்கள். வெளி மெக்கானிக்கிடம் மாற்றினால் டப்பாவின் பின்புறத்தைப் படியுங்கள். ஸ்கூட்டர் ஆயிலில் 'ஜாசோ எம்பி' (JASO MB) என்ற ஜப்பானியத் தரக்குறி இருக்கும். 'எம்ஏ' என்றிருப்பது மோட்டார் சைக்கிளுக்கானது. அதை ஊற்றினால் வண்டி நின்றுபோகாது. ஆனால் கையேடு கேட்பது எதுவோ அதையே ஊற்றுவது நல்லது. பின்சக்கரப் பக்கத்துக் கியர் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

உங்கள் பில்லில் இருந்திருக்க வேண்டிய ஒரு வரி இல்லை: டயர். 2018ஆம் ஆண்டு டயர்களே இன்னும் ஓடுகின்றன என்று நினைக்கிறேன். பட்டன் தேயவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். ரப்பர் ஓடித் தேய்வது ஒரு வகை, வெயிலிலும் உப்புக்காற்றிலும் கிடந்து இறுகுவது இன்னொரு வகை. இறுகிய டயர் மழை ஈரத்தில் பிரேக் பிடித்தால் வழுக்கும். டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3018 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 30ஆவது வாரத்தில் தயாரானது. பக்கவாட்டில் மயிரிழை வெடிப்புகளும் தெரியும். அந்த 3,400 ரூபாயில் பெரும்பகுதியை இதற்குச் செலவழித்திருக்க வேண்டும். உடனே மாற்றுங்கள். கடையில் புது டயரிலும் அந்த நான்கு இலக்கத்தைப் பார்த்து வாங்குங்கள். இரண்டு மூன்று ஆண்டு கிடங்கில் கிடந்ததைத் தள்ளிவிடுவார்கள்.

இன்சூரன்ஸ் கட்டாயம் வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், பொது இடத்தில் ஓடும் எந்த வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டை, அதாவது உங்கள் வண்டியால் மற்றவருக்கு நேரும் பாதிப்புக்கான காப்பீட்டை, வற்புறுத்துகிறது. எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள் என்று அது கேட்பதில்லை. காப்பீடு இல்லாமல் முதல்முறை பிடிபட்டால் அபராதம் 2,000 ரூபாய், மறுமுறை 4,000. அதைவிடப் பெரிய ஆபத்து, கடைத்தெருவில் யார் மீதாவது வண்டி மோதிவிட்டால் தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீடு முழுவதும் உங்கள் தலையில் விழும். ஒரு குழந்தை குறுக்கே ஓடிவர இரண்டு கிலோமீட்டர் தாராளமாகப் போதும்.

நீங்கள் வண்டி வாங்கிய மாதத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தேகம். 2018 செப்டம்பர் முதல், உச்ச நீதிமன்ற உத்தரவின்படி, புதிய இருசக்கர வாகனங்களுக்கு ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் காப்பீட்டைச் சேர்த்தே விற்றார்கள். உங்களுடையது 2023 அக்டோபரில் முடிந்திருக்கும். ஐந்து ஆண்டு எதுவும் செய்யாமல் இருந்த பழக்கத்தில் அப்படியே மறந்துபோனவர்கள் ஏராளம். இன்றே பாலிசித் தாளை எடுத்துத் தேதியைப் பாருங்கள். முடிந்திருந்தால், புதுப்பிக்கும் வரை வண்டியைத் தெருவில் இறக்காதீர்கள்.

புதுப்பிக்கப் போகும்போது ஏஜெண்ட் உங்களுக்கு முழுக் காப்பீட்டையும் அதன் மேல் இரண்டு மூன்று இணைப்புகளையும் கட்டுவார். இத்தனை பழைய ஸ்கூட்டருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் போதும் என்பது என் கருத்து. 2022 ஜூனில் அரசு நிர்ணயித்த கட்டணப்படி 75 முதல் 150 சிசி வரை 714 ரூபாய், மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக 842 ரூபாய் சொச்சம். எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் இதே தொகைதான். "உங்களுக்காகக் குறைத்துத் தருகிறேன்" என்பவரிடமிருந்து விலகிவிடுங்கள். போலிப் பாலிசிகள் அப்படித்தான் விற்கப்படுகின்றன. இதோடு 15 லட்சம் ரூபாய்க்கான உரிமையாளர் விபத்துக் காப்பீடும் சேரும். ஏற்கெனவே அந்த அளவுக்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு வைத்திருப்பவர் அதை மறுபடி வாங்க வேண்டியதில்லை. இதை எந்த ஏஜெண்டும் தானாகச் சொல்ல மாட்டார்.

ஆண்டுக்கு 500 கிலோமீட்டர் ஓட்டும் நீங்களும் 20,000 கிலோமீட்டர் ஓட்டும் ஒருவரும் ஒரே கட்டணம் கட்டுவது நியாயமா என்று கேட்டால், இல்லை. ஓட்டத்துக்கு ஏற்பக் கட்டணம் என்ற திட்டத்தை 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அனுமதித்தது. ஆனால் அது சொந்த வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீட்டுக்கு மட்டும். கட்டாயமாக எல்லாரும் கட்டும் மூன்றாம் நபர் பகுதியைத் தொடவில்லை. குறைவாக ஓட்டுபவருக்கு உண்மையில் உதவக்கூடிய இடத்தை விட்டுவிட்டு, வேண்டாதவர்களுக்குச் சலுகை கொடுத்திருக்கிறார்கள்.

கடைசியாக, மகள் வீட்டுக்குப் போகும் இரண்டு மாதம். உங்கள் ஸ்கூட்டர் கார்புரேட்டர் வகை; பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் பாகம் அது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு வந்தவைதான் பெரும்பாலும் பெட்ரோலை மின்னணு முறையில் பீய்ச்சும் ஃபியூயல் இன்ஜெக்ஷன். கார்புரேட்டரின் அடியில் ஒரு சின்னக் கிண்ணம் உண்டு. அதில் எப்போதும் ஒரு வாய் பெட்ரோல் நிற்கும். இரண்டு மாதத்தில் அது ஆவியாகி, அடியில் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு, ஊசித்துளை போன்ற ஜெட்டை அடைக்கும். திரும்பி வந்ததும் வண்டி கிளம்பாது. மெக்கானிக் கார்புரேட்டரையே மாற்றச் சொல்வார். சுத்தம் செய்தாலே போதும் என்பதைச் சொல்ல மாட்டார். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். உங்கள் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான உங்கள் வண்டியின் ரப்பர் குழாய்களும் வாஷர்களும் இந்தக் கலவையை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. பழைய வண்டிக்காரர் என்ன செய்வார் என்று யோசிக்காமலே பங்க்கில் எல்லாருக்கும் ஒரே பெட்ரோல் என்று ஆக்கிவிட்டார்கள்.

ஆகவே கிளம்புவதற்கு முந்தைய நாள் டேங்கை நிரப்புங்கள். உள்ளே காற்றுக்கு இடம் குறைந்தால் ஈரம் சேர்வதும் குறையும். தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டு, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்தி அந்தப் பெட்ரோலை வடித்துவிடச் சொல்லுங்கள். ஸ்க்ரூடிரைவரும் ஐந்து நிமிடமும் போதும். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பையும் கழற்றச் சொல்லுங்கள். வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் கவர் போடாதீர்கள், உள்ளே வேர்த்து இரும்பெல்லாம் துருப்பிடிக்கும். பழைய பருத்திப் போர்வையே மேல். வீட்டில் எலி நடமாட்டம் இருந்தால் சீட்டுக்கு அடியில் எதையும் வைக்காதீர்கள், வயர்களைக் கடித்துவிடும். திரும்பி வந்ததும் காற்றடித்து, பேட்டரியை இணைத்து, சாவி போடாமல் கிக்கரை ஐந்தாறு முறை மெதுவாக மிதியுங்கள். அதன்பிறகு சாவி போட்டுக் கிக்கரிலேயே கிளப்புங்கள்.

அடுத்த முறை சர்வீஸ் நிலையத்துக்குப் போனால் வேலைச்சீட்டில் உங்கள் கையாலேயே எழுதுங்கள்: "என்ஜின் ஆயில், பிரேக் சோதனை, பேட்டரி வோல்டேஜ் சோதனை மட்டும். வேறு எதுவானாலும் என்னிடம் போனில் கேட்ட பிறகே." பேட்டரி போய்விட்டது என்று சொன்னால், என்ஜின் ஓடாத நிலையில் மீட்டரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 12.6 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் அது நல்ல பேட்டரி. 12.2, 12.3 என்று குறைந்திருந்தால் முதலில் சார்ஜ் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மாற்றுவது பற்றி அதன்பிறகு பேசலாம். மாற்றியே ஆக வேண்டுமானால் பழைய பேட்டரிக்கான தொகையைப் பில்லில் கழிக்கச் சொல்லுங்கள். வெற்று வேலைச்சீட்டில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.