தகப்பன்மாரை எங்கே நிறுத்துவது?

அன்புள்ள ஐயா,

எங்கள் கழகத்தின் 16 வயதுக்குட்பட்ட றக்பி அணி வருகிற ஓகஸ்ட்டில் மலேசியா போகிறது. பத்து நாள், கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் மூன்று மச். பெடியள் 22 பேர், தகப்பன்மார் 14 பேர், கோச்மார் இரண்டு பேர். தகப்பன்மாரும் சேர்ந்து போவது என்று கூட்டத்தில் எல்லோருமாக எடுத்த முடிவு. பலாலியால் சென்னை போய் அங்கிருந்து மலேசியா போவது நல்லதா, கட்டுநாயக்காவால் போவது நல்லதா? காப்புறுதி எடுக்கத்தான் வேண்டுமா? அவரவர் தன் மகனைப் பார்த்துக்கொண்டால் வேறு ஒழுங்கு ஒன்றும் தேவையில்லை என்று சிலர் சொல்கிறார்கள். அங்குள்ள தகப்பன்மாரோடு நாங்களும் ஒரு மச் விளையாடலாம் என்ற பேச்சும் இருக்கிறது. அணி தொடங்கி மூன்று வருடம்தான். எதில் பிழைவிடுவோம் என்று முன்கூட்டியே எழுதுவீர்களா?

ஒரு தகப்பன், கோண்டாவில்

அன்புள்ள கோண்டாவில் நண்பருக்கு,

22 பெடியளில் ஸ்கிரமின் முன்வரிசையில் நிற்கப் பழகியவர்கள் எத்தனை பேர்? கடிதத்தில் அது இல்லை. ஸ்கிரம் என்பது ஒவ்வொரு அணியிலும் எட்டுப் பேர் தோள் கோத்துக் குனிந்து எதிரணியைத் தள்ளுவது. ரிக்கற்றுக்குக் காசு கட்டுமுன் எண்ணவேண்டியது அதைத்தான். உலக றக்பி விதிப்படி 19 முதல் 22 பேர் கொண்ட அணியில் முன்வரிசைக்குப் பழகியவர்கள் 5 பேர் இருக்கவேண்டும். 23 பேர் என்றால் 6. இரண்டாவது மச்சில் ஒரு புறொப்புக்கு, அதாவது முன்வரிசையின் ஓரத்தில் நிற்பவனுக்கு, கழுத்துப் பிடித்துவிட்டால், கோட்டோரம் விங்கில் ஓடுகிற மொத்தமான பெடியனைக் கொண்டுவந்து முன்வரிசையில் விடுவோமே என்று யாராவது சொல்வார்கள். பெரும்பாலும் சொல்பவர் ஒரு தகப்பனாக இருப்பார். விடக்கூடாது. ஸ்கிரம் இடிந்து விழும்போது பின்னால் நிற்பவர்களின் தள்ளு முழுக்க அந்தப் பெடியனின் கழுத்தில் வந்து இறங்கும். இடுப்புக்கு மேலே தோளை வைத்திருப்பது, முதுகை நேராகப் பிடிப்பது, எதிராளியின் சட்டையை எங்கே பற்றுவது என்பதெல்லாம் மாதக்கணக்கில் பழகுகிற காரியம். ஆள் இல்லையென்றால் நடுவரிடம் சொல்லித் தள்ளாத ஸ்கிரம் கேளுங்கள். அதில் மானக்கேடு ஒன்றுமில்லை.

ஐந்து பேர் தேறவில்லை என்றால் இன்னொரு வழியும் உண்டு. பத்துப் பேர் ஆடும் ‘ரென்ஸ்’ 1960களில் மலேசியாவிலேயே பிறந்த வடிவம். பாதிக்குப் பத்து நிமிடம், ஸ்கிரமில் ஐந்து பேர். மூன்று மச்சில் ஒன்றை ரென்ஸ் ஆக்கித் தரமுடியுமா என்று கேட்டால் அங்கே யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

அழைக்கும் கழகத்துக்கு இப்போதே ஒரு கடிதம் எழுதுங்கள். ‘16 வயதுக்குட்பட்ட’ என்று மட்டும் எழுதினால் போதாது. எந்தத் திகதிக்குப் பிறகு பிறந்தவர்கள் என்று எழுதுங்கள். வயது வெட்டும் திகதி நாட்டுக்கு நாடு வேறு. பன்னிரண்டு மாத வித்தியாசம் இந்த வயதில் பத்துக் கிலோ வித்தியாசமாக வந்து நிற்கும். உலக றக்பியின் 19 வயதுக்குட்பட்டோர் விதியில் பாதிக்கு 35 நிமிடம், ஸ்கிரமில் 1.5 மீற்றருக்கு மேல் தள்ளக்கூடாது. அவர்கள் அதை அப்படியே பின்பற்றுகிறார்களா, உயரம் குறைத்த ரக்கிள் விதி (பந்தோடு ஓடுகிறவனை எந்த உயரத்தில் பிடித்து விழுத்தலாம் என்பது) இருக்கிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பல நாடுகளில் இப்போது மார்பெலும்புக்குக் கீழேதான் பிடிக்கலாம். தோளில் பிடித்துப் பழகிய பெடியன் அங்கே போய் முதல் ஐந்து நிமிடத்திலேயே மஞ்சள் அட்டை வாங்குவான். அணிக்கு மூன்று வயது என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுங்கள். முதல் மச்சுக்கு அவர்கள் தங்கள் இரண்டாம் அணியை இறக்குவார்கள். மச்சுக்கு மச் மூன்று நாள் இடைவெளி இருக்கட்டும், இறங்கிய அடுத்த நாள் மச் வேண்டாம்.

இனி தகப்பன்மார். அவரவர் தன் மகனைப் பார்த்துக்கொள்வது என்ற யோசனைதான் உங்கள் திட்டத்திலேயே மோசமானது. 22 பெடியளுக்கு 14 தகப்பன்மார் என்றால் எட்டுப் பேருக்கு ஆள் இல்லை. அந்த எட்டில் தகப்பன் கடலுக்குப் போகிறவர் இருப்பார், வெளிநாட்டில் இருப்பவர் இருப்பார். எங்கள் ஊரில் இல்லாமலே போனவர்களும் இருப்பார்கள். சாப்பாட்டு மேசையில் அந்த எட்டுப் பேர் ஒரு மூலையில் சேர்ந்துகொள்வது இரண்டாம் நாளே தெரியும். ஆகவே 14 பேரை ஏழு சோடியாகப் பிரியுங்கள். ஆறு சோடிக்கு மும்மூன்று பெடியள், ஒரு சோடிக்கு நான்கு. யாருடைய கூட்டத்திலும் அவருடைய மகன் இருக்கக்கூடாது. சோடி என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: பிறர் பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியே அறையில் இருக்கும் நிலை வரக்கூடாது. படுக்கை பெடியளோடு பெடியள், தகப்பன்மார் அதே மாடியில் வேறு அறை. பனரில் ‘தந்தையும் மகனும்’ என்று அடிக்கவேண்டாம், கழகப் பெயர் போதும்.

ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. ஒருவர் கடவுச்சீட்டுகள். ஒருவர் ஐஸும் தண்ணீரும். ஒருவர் பஸ். ஒருவர் காசு, செலவுக் கணக்கில் கையெழுத்திட வேறொருவர். இருவர் மருந்துப் பை; இவர்கள் உலக றக்பியின் இலவச இணையப் பயிற்சியில் தலை அடி பற்றிய பகுதியைப் போகுமுன் முடித்திருக்கவேண்டும். உடுப்புத் தோய்ப்பதற்கு ஒருவர். சிரிக்காதீர்கள், அந்த ஈரப்பதனில் தடித்த ஜேர்சி அறைக்குள் காயாது. நாணயம் போடும் தோய்ப்புக் கடையில் உலர்த்தும் மெசினுக்குள் போட்டால்தான் அடுத்த மச்சுக்கு நாறாமல் வரும். பஸ்ஸில் ஏறியதும் தலை எண்ணவேண்டாம். ஒன்றிலிருந்து 22 வரை பெடியள் தங்கள் இலக்கத்தைத் தாங்களே வரிசையாகச் சத்தமாகச் சொல்லட்டும். விடுபட்ட இலக்கம் உடனே தெரியும், யார் என்றும் தெரியும்.

மச் நேரத்தில் தகப்பன்மார் நிற்பது, எங்கள் கோச்மாரும் மாற்று ஆட்களும் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் கோட்டில், கயிற்றுக்குப் பின்னால். கைதட்டலாம், பெயர் சொல்லிக் கத்தக்கூடாது. பந்தை நழுவவிட்ட பெடியன் எழும்பியதும் பார்க்கவேண்டியது பக்கத்தில் தன் ஆள் எங்கே நிற்கிறான் என்பதை. கோட்டோரம் அப்பா நின்றால் கண் அங்கேதான் போகும். அந்த ஒரு செக்கனில் தடுப்பு வரிசையில் ஓட்டை விழுந்துவிடும், எதிரணியின் பெடியன் அதற்குள்ளால் போய்விடுவான். இதைப் பயிற்சி மச் ஒன்றில் வீடியோ எடுத்துத் தகப்பன்மாருக்குப் போட்டுக் காட்டுங்கள். பேசிப் புரியவைப்பதைவிட அது சுகம்.

பெரிய சண்டை வருவது ஆள் தெரிவில். எல்லோரும் ஒரே தொகை கட்டுகிறார்கள், மகன் மூன்று மச்சும் வெளியே இருந்தால் தகப்பன் பேசத்தான் செய்வார். காசு வாங்குமுன் கணக்கை முன்வையுங்கள். மச்சுக்குப் பதினைந்து பேராக மூன்று மச்சில் தொடங்கும் இடங்கள் 45. முன்வரிசைக்கு மும்மூன்றாக 9 இடம், ஐந்து பேர்: நால்வருக்கு இரண்டு, ஒருவருக்கு ஒன்று. மிச்சம் 36 இடம், 17 பேர்: ஆளுக்கு இரண்டு கொடுத்தாலும் இரண்டு மிஞ்சும். ஒரே ஒரு புறொப்பைத் தவிர எல்லோரும் இரண்டு மச் தொடங்கலாம், அவனை மற்ற இரண்டிலும் இடைவேளையோடு இறக்கலாம். இதை எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினால் கோச் நிம்மதியாகத் தூங்குவார்.

கையெழுத்து வாங்கவேண்டிய இன்னொன்று தலை அடி. சந்தேகம் வந்தால் பெடியன் வெளியே, அன்றைக்குத் திரும்ப உள்ளே போவதில்லை. முடிவு மருந்துப் பை ஆளுடையது. சொந்தத் தகப்பனுக்கு அதில் குரல் இல்லை. ‘ஒண்டுமில்லை, எழும்படா’ என்று முதலில் சொல்பவர் அவர்தான், அன்பினால்தான் சொல்கிறார். கேட்கும் கேள்விகள் ஐந்து: எந்த மைதானத்தில் நிற்கிறோம், முதல் பாதியா இரண்டாம் பாதியா, கடைசியாகப் புள்ளி எடுத்தது யார், போன மச் யாரோடு, வென்றோமா. இவற்றைத் தமிழில் கேட்கவேண்டும். அங்குள்ள முதலுதவிக்காரர் ஆங்கிலத்தில் கேட்டு, பெடியன் திணறினால் அது தலையா மொழியா என்று யாருக்கும் தெரியாது. ஐந்துக்கும் சரியாகச் சொல்லிவிட்டான் என்பதற்காகத் திரும்ப விடுவதும் பிழை. தள்ளாட்டம், வெறித்த பார்வை, வாந்தி, தலையிடி எது இருந்தாலும் வெளியேதான். படிப்படியாக மீள்வதற்கு வாரங்கள் எடுக்கும், ஆகவே அவனுக்கு இந்தப் பயணத்தில் இனி மச் இல்லை. அன்றிரவு தனியே படுக்கவிடக்கூடாது. சொந்தத் தகப்பன் வந்திருந்தால் அவருக்கான வேலை அதுதான். அஸ்பிரினும் இபுபுரோபனும் கொடுக்கக்கூடாது. தலையிடி கூடினாலோ, திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தாலோ, எழுப்ப எழும்பாவிட்டாலோ விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரி. ஊர் திரும்பும் விமானத்தில் ஏறலாமா என்பதை வைத்தியரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

இதனால்தான் காப்புறுதி கட்டாயம். சாதாரண பயணக் காப்புறுதியில் உடல் மோதும் விளையாட்டு பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். றக்பி என்ற சொல் பத்திரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடவுச்சீட்டு, மலேசியாவில் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்கவேண்டும். யாழ் கச்சேரியில் 2025 செப்ரெம்பரில் கடவுச்சீட்டு அலுவலகம் திறந்தபிறகு பத்தரமுல்லை அலைச்சல் மிச்சம். 16 வயது நிரம்பியவர்கள் விரலடையாளம் கொடுக்கவேண்டும், கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் சம்மதம். மலேசிய விசா இணையத்தில் எடுக்கலாம். வருகைப் படிவத்தையும் இறங்குமுன் மூன்று நாளுக்குள் இணையத்திலேயே நிரப்பவேண்டும். தகப்பன் வராத எட்டுப் பேருக்கும் பெற்றோர் சம்மதக் கடிதம், நொத்தாரிசின் கையெழுத்தோடு ஆங்கிலத்தில்.

எங்கள் பெயர்முறை பற்றியும் சொல்லவேண்டும். மகனின் குடும்பப்பெயர் தகப்பனின் பெயர், தகப்பனின் குடும்பப்பெயர் பாட்டனின் பெயர். ஒரே வீட்டில் இரண்டு குடும்பப்பெயர்! ‘அனாக் லெலாக்கி’ என்று போட்டு மகன் உறவைக் குறிக்கும் வழக்கம் மலேசியத் தமிழரிடம் இருப்பதால் அங்கே புரிந்துகொள்வார்கள், வேறு நாட்டில் கேள்வி வரும். எதற்கும் பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பைக் கையில் வைத்திருங்கள். ரிக்கற்றில் பெயர் போடும்போது வாயால் சொல்லவேண்டாம். கடவுச்சீட்டின் அடியில் உள்ள இரண்டு வரியைப் படமெடுத்து அனுப்புங்கள். ஒரு ‘எச்’ கூடிக் குறைந்தாலும் விமான நிலையத்தில் தண்டம் கட்டவேண்டிவரும்.

வழி: கட்டுநாயக்கா. பலாலியில் வருவது எழுபதுசொச்சம் இருக்கை உள்ள சிறிய ஏரிஆர் விமானம், நீங்கள் 38 பேர் என்றால் பாதி விமானம். சென்னையில் இரண்டு தனித்தனி ரிக்கற் என்றால் பெட்டியை எடுத்து வெளியே வந்து திரும்ப ஏறவேண்டும், அதற்கு 38 இந்திய விசா. முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது உங்கள் நட்டம்.

சப்பாத்து எல்லோரும் மறக்கும் விஷயம். எங்கள் செம்மண் காய்ந்து கல்லாகக் கிடப்பதால் பெடியள் போடுவது குட்டைப் பல் வைத்த உதைபந்தாட்டச் சப்பாத்து. மலேசியாவின் மழையில் ஊறிய அகல இலைப் புல்லில் அது வழுக்கும், ஸ்கிரமில் முன்வரிசை அப்படியே பின்னால் சறுக்கும். முன்னணி எட்டுப் பேருக்காவது கழற்றி மாட்டும் பல் உள்ள சப்பாத்து எடுங்கள். 21 மில்லிமீற்றருக்கு மேல் விதியில் இல்லை, 18 போதும். திருகும் இடத்தில் கொஞ்சம் வாஸ்லின் பூசினால் துருப்பிடித்து இறுகாது. திருகும் சாவியும் கத்தரிக்கோலும் பெரிய பெட்டிக்குள். பந்துகளில் காற்றைக் குறைத்துக்கொண்டு போய் அங்கே 9.5 முதல் 10 பிஎஸ்ஐ வரை அடியுங்கள். பம்பின் ஊசி இரண்டு மூன்று வேண்டும், ஒன்று கட்டாயம் முறியும்.

பின்னேரம் அங்கே இடி வரும். கடைசி முழக்கம் கேட்டு 30 நிமிடம் கழியாமல் மைதானத்தில் இறங்கவேண்டாம். மச்சுக்கு முன்னும் பின்னும் பெடியளை நிறுத்துப் பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒன்றரை லீற்றர் குடிக்கவேண்டும், ஒரே மூச்சில் அல்ல. ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைப் பொடி) பைகளை இங்கிருந்தே கொண்டுபோங்கள், ஒரு பைக்கு ஒரு லீற்றர். மச் நாளில் புதுச் சாப்பாடு கூடாது. அங்கே இட்லியும் இடியப்பமும் தாராளம், மூன்று நாலு மணித்தியாலத்துக்கு முன் அது போதும்.

தகப்பன்மார் மச் ‘ரச் றக்பி’யாக மட்டும் இருக்கட்டும். ஆறு பேர், தொட்டால் போதும், பாதிக்குப் பத்து நிமிடம். ரக்கிள் கிடையாது. ஓடிப் பல வருடமான ஆளுக்குப் பின்தொடையோ குதிநரம்போ பிடிப்பது முதல் மூன்று ஓட்டத்துக்குள்தான், ஆகவே பதினைந்து நிமிடம் உடம்பைச் சூடாக்கிய பிறகு இறங்குங்கள். அதையும் கடைசி நாளில் வையுங்கள். முதல் நாளில் வைத்தால் பெட்டி தூக்க ஆள் இருக்காது.