பைன் கூம்பின் செதில் இலையா, கிளையா?

கேள்வி எளிது, விடைக்குச் சுமார் 30 கோடி ஆண்டுகள் பின்னே போக வேண்டும். பார்த்தால் இலை போலத்தான் இருக்கிறது. ஆனால் விதையைத் தாங்கும் அந்தச் செதில், சுருங்கிப்போன ஒரு கிளை.

இதைத் தொல்லுயிர் எச்சங்களைக் கொண்டு நிறுவியவர் சுவீடன் தாவரவியலாளர் ருடால்ஃப் ஃப்ளோரின். அந்த 30 கோடி ஆண்டுக்கு முந்தைய கார்பனிபெரஸ் காலத்து வால்க்கியா என்ற பழைய ஊசியிலை மர வகையின் கூம்பில், ஒவ்வொரு சிற்றிலையின் (கிளைக்கு அடியில் நிற்கும் சிறு இலை) கக்கத்திலும் ஒரு குட்டிக் கிளை இருந்தது. அதில் பல மலட்டுச் செதில்கள், விதையாக மாறும் ஓரிரு சூல்கள். பிறகு, அடுத்து வந்த பெர்மியன் காலத்து சூடோவோல்ட்சியா என்ற ஊசியிலை மரத்தில் அந்தக் கிளை தட்டையாகி, அதன் செதில்கள் ஐந்து மடல்களாக அடியில் ஒட்டிக்கொண்டன. இன்றைய பைனில் மடல்களின் சுவடே இல்லை. ஒரே கெட்டிச் செதில், மேலே இரண்டு விதைகள்.

கல்லில் பதிந்த இந்த இடைநிலைகள் கிடைத்திராவிட்டால் யார் நம்பியிருப்பார்கள்! ஃப்ளோரின் மூதாதையாகக் கருதிய கார்டைட்டிஸ் என்ற அழிந்துபோன மர இனம் இன்று நேரடி மூதாதையாக ஏற்கப்படுவதில்லை. கிளை சுருங்கிய கதை மட்டும் நிலைத்திருக்கிறது.

உயிருள்ள சாட்சி வேண்டுமா? டக்ளஸ் ஃபர் கூம்பைப் பாருங்கள். செதில்களுக்கிடையே மும்முனை நாக்குப் போல நீண்டிருப்பதுதான் அந்தப் பழைய சிற்றிலை. மகரந்தம் தரும் ஆண் கூம்பிலோ இந்தச் சிக்கலே இல்லை. அங்கே செதில் வெறும் இலைதான்.