கப்பில் குமிழி, டியூபில் தண்ணீர்: ஏர்பிரஷ் கேள்வி பதில்

நாலு பேர் ஒரே ஷெட்டில் வேலை பார்க்கிறோம், ஒரே கம்ப்ரஸர்தான். இடவப்பாதி மழை தொடங்கியதிலிருந்து, ஏர்பிரஷால் (காற்றின் வேகத்தில் பெயின்டைத் தூவும் சின்னக் கருவி) பைக் டேங்கில் பெயின்ட் அடிக்கும்போது நடுநடுவே தண்ணீர்ப் பொட்டு தெறிக்கிறது. கம்ப்ரஸர் வாயிலேயே வாட்டர் டிராப் (காற்றோடு வரும் தண்ணீரைப் பிடிக்கும் கிண்ணம்) மாட்டியிருக்கிறோம். பிறகும் ஏன்?
- வாசகர், களியக்காவிளை

டிராப் மாட்டிய இடம்தான் தவறு. மழைக்காலத்தில் 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருக்கும்போது, 1 கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். கேஜ் 7 பார் காட்டும்வரை அதை அழுத்தினால் காற்று எட்டில் ஒரு பங்கு இடத்துக்குள் சுருங்கிவிடும். ஆறிய பிறகு அவ்வளவு இடத்தில் 4 கிராம் ஆவிகூட நிற்காது. மீதி 20 கிராமும் தண்ணீராகத்தான் ஆக வேண்டும். ஆனால் கம்ப்ரஸர் வாயில் காற்று சூடாக இருப்பதால் ஆவி ஆவியாகவே டிராப்பைக் கடந்து போகிறது. பிறகு டியூபில் ஆறித் தண்ணீராகி, உங்கள் டேங்கில் விழுகிறது.

கம்ப்ரஸருக்கும் டிராப்புக்கும் நடுவே 5, 6 மீட்டர் குழாய் விடுங்கள். டிராப் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்தால் வேலை செய்யாது. பொதுக் குழாயிலிருந்து ஒவ்வொருவருக்கும் பிரியும் கிளையை மேல்பக்கமாக எடுத்து வளைத்து இறக்குங்கள், அடியில் ஓடும் தண்ணீர் கிளைக்குள் வராது. ஏர்பிரஷுக்குக் கீழே சின்ன டிராப் ஒன்றும் இருந்தால் நல்லது. தினமும் வேலை முடிந்ததும் கம்ப்ரஸர் டேங்கின் அழுத்தத்தைக் குறைத்து, அடி வால்வைத் திறந்து, தண்ணீர் நிற்கும்வரை வடியவிடுங்கள். பழுப்பாக வந்தால் உள்ளே துரு பிடிக்கிறது என்று பொருள். அதை நாள் தள்ளாமல் பாருங்கள்.

இன்னொன்றையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பொட்டுப் பொட்டாக இல்லாமல், லாக்கர் (தின்னரில் கரையும் பெயின்ட்) முழுக்கப் பால் படர்ந்தாற்போல் வெளுத்தால் குறை டியூபில் இல்லை. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, ஷெட்டின் ஈரம் அதன்மேல் படிகிறது. மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னர் கலந்து, மெல்லிய கோட்டாக, இடைவெளி விட்டு அடியுங்கள். கொட்டும் மழை நேரமென்றால் நிறுத்திவைப்பதே மேல்.

நான் களிமண் பொம்மைக்கு அக்ரிலிக் அடிக்கிறேன். அதே ஏர்பிரஷில் இன்னொருவர் ஹெல்மெட்டுக்கு லாக்கர் அடிக்கிறார். ஏர்பிரஷின் பெயின்ட் கப்பில் குமிழி வருகிறது, பெயின்ட் துப்பித் துப்பி விழுகிறது. பெயின்ட் வெளிவரும் நாசிலை மாற்றியும் தீரவில்லை.
- வாசகி, கொழிஞ்சாம்பாறை

முதலில் ஒரு ஏர்பிரஷ் கூடுதலாக வாங்குங்கள். அக்ரிலிக் எச்சத்தின் மேல் தின்னர் பட்டால் அது கரையாமல் கோந்துபோல் திரண்டு நாசிலுக்குள் உட்கார்ந்துகொள்ளும். 0.3 மி.மீ. துளைக்கு ஒரு துணுக்கே போதும். வாங்கும்வரை வரிசை தவறாமல் கழுவுங்கள். அக்ரிலிக் முடிந்ததும் தண்ணீர், அது தெளிவாக வந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், கடைசியில்தான் தின்னர். லாக்கரிலிருந்து திரும்பும்போது இதே வரிசையைத் தலைகீழாகச் செய்யுங்கள்.

குமிழி என்றால் வெளியே போக வேண்டிய காற்று கப்புக்குள் திரும்புகிறது. நுனி அடைத்திருந்தாலும் வரும், நாசில் சரியாக உட்காராவிட்டாலும் வரும். நாசிலுக்குள் நிற்கும் ஊசியைக் கழற்றுமுன் கப்பைச் சுத்தமாகக் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் ஊசி பின்னால் வரும்போது பெயின்டை உள் சீலுக்குள் இழுத்துவிடும். ஊசி நுனியை நகத்தின்மேல் லேசாகச் சுழற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் கீறினால் நுனி வளைந்திருக்கிறது, பெயின்ட் ஒருபக்கமாகத் தெறிப்பதற்கும் அதுவே காரணம். எல்லாம் சரி என்றால் கப்பில் தண்ணீர் விட்டுக் காற்றை மட்டும் திறங்கள். அப்போதும் குமிழி வந்தால் நாசில் அடியில் கசிவு. திருகு நாசில் என்றால் மரையில் கடுகளவு தேன்மெழுகு தடவி, ஸ்பானரை இரண்டு விரலால் மட்டும் பிடித்து, தடை தெரிந்ததும் நிறுத்துங்கள். புது நாசிலும் சரியாகாததற்குக் காரணம், அதிகமாக முறுக்கியதில் அதன் மரைக்கழுத்து விரிந்ததாக இருக்கலாம்; பலர் கையில் நாசில் போவது இப்படித்தான்.

முழு ஏர்பிரஷையும் தின்னரில் ஊறப்போடாதீர்கள், உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் (ஓ-ரிங்) ஊதிப்போகும். அடுத்தவர் கையில் கொடுக்கும் முன் வெள்ளைத் தாளில் தண்ணீரையோ தின்னரையோ ஒருமுறை அடித்துக் காட்டுங்கள். தாளில் நிறம் தெரிந்தால் அது இன்னும் உங்கள் வேலைதான்.

என்-95 மாஸ்க் போதுமா? சின்ன வேலைக்கு டூ-கே கிளியர் (ஹார்டனர் கலந்து அடிக்கும் நிறமற்ற மேல்பூச்சு) அடிக்கலாமா?
- வாசகர், செங்கோட்டை

போதாது. என்-95 துகளைத்தான் பிடிக்கும், தின்னர் ஆவி அதன் வழியே தாராளமாகப் போகும். ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜும் துகள் ஃபில்டரும் சேர்ந்த ரப்பர் ஹாஃப் மாஸ்க் வாங்குங்கள். தாடி இருந்தால் ஓரத்தில் காற்றுப் புகும். கழற்றியதும் இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். வெளியே தொங்கினால் கார்ட்ரிட்ஜ் ஷெட்டின் ஆவியைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

டூ-கே கிளியரைப் பொதுப் பட்டறையில் அடிக்கவே வேண்டாம். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற நுரையீரலைத் தாக்கும் ரசாயனம் இருக்கிறது. நாற்றத்தை நம்பி அளவு அறிய முடியாது. ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போனால், பிறகு மிகக் கொஞ்சம் பட்டாலும் மூச்சிரைப்பு வரலாம். நீங்கள் மாஸ்க் போட்டிருப்பீர்கள், பக்கத்து மேசைக்காரர் போட்டிருக்க மாட்டார். வெளியிலிருந்து சுத்தக் காற்று தரும் மாஸ்க்கும் ஸ்பிரே பூத்தும் (பெயின்ட் அடிப்பதற்கான தனி அறை) உள்ள இடத்தில் கொடுத்து அடித்துக்கொள்ளுங்கள்.

தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேனின் மோட்டார் பொறி அதைப் பற்றவைத்துவிடலாம். பொறி வெளியே உள்ள ஆவியைப் பற்றவைக்காத ஃப்ளேம்ப்ரூஃப் மோட்டார் வேண்டும். தேநீர் அடுப்பு ஷெட்டுக்கு வெளியே இருக்கட்டும். தின்னர் துணியை மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

கையில், சட்டையில் உள்ள தூசியைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதலாமா?
- வாசகர், கம்பம்

கூடாது. சின்னக் காயம் வழியாகக்கூட அழுத்தக் காற்று தோலுக்கு அடியில் போய்விடும். ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. ஏர்பிரஷ் நுனியை விரலால் அடைத்துப் பார்ப்பதும் வேண்டாம். காற்றுப் பட்ட இடம் வீங்கி, தொட்டால் தோலுக்கடியில் நறநறவென்றால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். காற்று உள்ளே போனது என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.