குறுவை நர்சிங் விளையுமா?

நர்சிங் டியூட்டராக முப்பது வருடம் ஓட்டிவிட்டு இப்போது தஞ்சாவூரில் ஓய்வாக இருக்கிறேன். ஓய்வு என்றுதான் பெயர், போன் ஓய்வதில்லை. இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: "சீக்கிரம் முடிகிற நர்சிங் படிப்பு இருக்காமே, சேரலாமா சிஸ்டர்?" அவற்றை மட்டும் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். பெயர்களை விட்டுவிட்டேன்.

மன்னார்குடிப் பெண், இப்போது நியூஜெர்சி: பி.இ. முடித்து 12 வருஷம் ஆச்சு. வீட்டுக்காரர் எச்1பி வேலை விசா, நான் அவரைச் சார்ந்த எச்4 விசா. இங்கே வேற டிகிரி இருக்கிறவங்களுக்கு 15 மாசத்துல பி.எஸ்சி. நர்சிங் தர்றாங்க. ஃபீஸ் 55 ஆயிரம் டாலர். "எஞ்சினியருக்குப் படிச்சுட்டு பெட்பேன் தூக்கப் போறியா"ன்னு அம்மா திட்டுறாங்க. சேரலாமா சிஸ்டர்?

பெட்பேன் தூக்கிய இந்தக் கையால்தான் இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தேன் என்று அம்மாவிடம் சொல்லம்மா. இனி கணக்குக்கு வருவோம்.

நீ சொல்லும் படிப்பு ஏமாற்று வேலை இல்லை. வேறு பாடத்தில் பட்டம் பெற்றவர்களுக்கென்றே அமெரிக்காவில் 11 முதல் 18 மாதம் வரை நடக்கும் பி.எஸ்சி. நர்சிங் உண்டு. நம் குறுவை நெல்லை நினைத்துக்கொள். நாற்று விடாமல், களை எடுக்காமலா குறுவை நாலு மாதத்துக்குள் கதிர் முற்றுகிறது? ரகமே அப்படி. அங்கேயும் உன் முதல் டிகிரியில் படித்த பொதுப் பாடங்களைக் கழித்துவிடுவார்கள், லீவை எடுத்துவிடுவார்கள். வார்டு வேலையில் சலுகை கிடையாது. அதனால்தான் பல கல்லூரிகள் "படிக்கும்போது வேறு வேலைக்குப் போகாதீர்கள்" என்றே சொல்கின்றன. சின்னக் குழந்தை இருந்தால் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டும். மாமியாரை வரவழைக்க முடியுமா என்பதும் இந்தக் கணக்கில் சேர்த்திதான்.

குறுவைக்கு ஜூன் 12-ல் மேட்டூர் திறக்க வேண்டும். உன் மேட்டூர், வேலை செய்வதற்கான அனுமதி. எச்4-ல் இருந்துகொண்டு படிக்கத் தடை இல்லை. படித்து முடித்து, அங்கே நர்ஸ் லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ் தேர்வைப் பாஸ் செய்தாலும், இஏடி என்னும் வேலை அனுமதி அட்டை இல்லாமல் ஒரு நாள்கூட சம்பளத்துக்கு நிற்க முடியாது. 2015-லிருந்து எச்4 காரர்களுக்கு அந்த அட்டை கிடைக்கிறது, ஆனால் வீட்டுக்காரருக்கு, கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் ஐ-140 மனு ஒப்புதல் ஆகியிருக்க வேண்டும் (அல்லது அவர் எச்1பி-யில் ஆறு வருடம் தாண்டி நீட்டிப்பில் இருக்க வேண்டும்). "எச்1பி-க்கு மாறிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதே. சாதாரண வார்டு நர்ஸ் வேலைக்கு எச்1பி கிடைப்பது குதிரைக்கொம்பு. எஃப்1 மாணவர் விசாவுக்கு மாறிப் படித்தால் முடித்த பிறகு வேலை பார்க்க 12 மாதம் தருவார்கள், அதோடு சரி. ஆகவே முதல் வேலை, வீட்டுக்காரரின் ஐ-140 எந்த நிலையில் இருக்கிறது என்று இன்று ராத்திரியே கேள். அது கையில் இல்லாமல் 55 ஆயிரம் டாலரைக் கட்டாதே. நம் பணத்தில் அது 45 லட்சத்துக்கு மேல்.

அட்டை இருக்கிறது, அல்லது கிரீன் கார்டு கிட்டத்தில் இருக்கிறது என்றால் என் பதில் மாறும். 2023 மே மாத அரசுக் கணக்குப்படி அமெரிக்காவில் பதிவு பெற்ற நர்ஸின் நடுமட்ட ஆண்டுச் சம்பளம் 86,070 டாலர். ஒரு வருடச் சம்பளம் உன் ஃபீஸைத் தாண்டிவிடும். அப்போதுகூட சேருவதற்கு முன் ஒன்று பார். அனாடமி, பிசியாலஜி, மைக்ரோபயாலஜி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எல்லாம் முன்கூட்டியே முடித்திருக்க வேண்டும் என்பார்கள். எஞ்சினியரிங் படித்த உன்னிடம் அதில் பாதி இருக்காது. அதற்கே ஏழெட்டு மாதம் போகும். "15 மாதம்" என்பது இரண்டு வருடம் ஆவது இப்படித்தான்.

இன்னொரு வழியும் உண்டு, விளம்பரத்தில் வராது. பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருட அசோசியேட் டிகிரி நர்சிங். அவர்களும் அதே என்கிளெக்ஸ் எழுதி அதே ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) ஆகிறார்கள், ஃபீஸோ பல மடங்கு குறைவு. பெரிய ஆஸ்பத்திரிகள் பி.எஸ்சி.யைத்தான் விரும்புகின்றன என்பது உண்மை. வேலையில் சேர்ந்தபின் அதை ஆன்லைனில் முடித்துக்கொள்பவர்கள் ஏராளம், பல இடங்களில் ஆஸ்பத்திரியே ஃபீஸில் ஒரு பங்கு கொடுக்கிறது. என் மகளாக இருந்தால் இந்த வழியில்தான் அனுப்புவேன்.

பாபநாசத்திலிருந்து ஒரு அப்பா: பாப்பா பிளஸ் டூ முடிச்சிருக்கு. பஸ் ஸ்டாண்டு மாடியில ஒரு இன்ஸ்டிட்யூட். ஒரு வருஷ நர்சிங், 40 ஆயிரம், நூறு சதவீதம் வேலைன்னு போர்டு வெச்சிருக்காங்க. நாலு வருஷம் படிக்க வைக்க வசதி இல்லை.

வேண்டாங்க. வெள்ளைக் கோட்டு போட்டுவிடுவார்கள், பாப்பா நர்ஸ் ஆகாது.

நம் நாட்டில் நர்ஸ் என்று பதிவு பெற, தொடக்கப் படிப்பு மூன்றுதான்: ஏ.என்.எம். (துணை நர்ஸ்) இரண்டு வருடம், ஜி.என்.எம். (டிப்ளமா) மூன்று வருடம், பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம். இவற்றை இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகரித்த இடத்தில் படித்து, தமிழ்நாட்டு நர்சஸ் அண்டு மிட்வைவ்ஸ் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவுக்கான சட்டம் 1926-ல் வந்தது, நேற்று முளைத்ததல்ல. மாடிப்படி இன்ஸ்டிட்யூட்டில் "முடிச்சதும் எந்தக் கவுன்சிலில் பதிவு பண்ணுவீங்க?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வளவளவென்று போனால் இறங்கி வந்துவிடுங்கள். அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு உதவியாளராக வேலை கிடைக்கலாம். ஐந்தாறு வருடம் கழித்தும் பாப்பா அதே இடத்தில் உதவியாளராகவே நிற்கும்.

ஒரு வருடத்தில் ஏன் முடியாது என்று கேட்பீர்கள். நான் மாணவியாக இருந்தபோது ஒரு ராத்திரி, சம்பா பயிருக்குப் பூச்சிமருந்து அடித்தவர் வரப்பிலேயே விழுந்துவிட்டார் என்று தூக்கி வந்தார்கள். வேட்டியெல்லாம் மருந்து நாற்றம். வாயில் நுரை, நெஞ்சு கரகரவென்று, கண்ணின் பாவை ஊசிமுனை அளவு. டாக்டர் அட்ரோபின் போடச் சொன்னார். ஒரு ஊசியோடு முடிகிற மருந்து இல்லை அது. சில நிமிடத்துக்கு ஒரு தடவை நெஞ்சில் சத்தம் குறைந்ததா, நாடி ஏறியதா என்று பார்த்துப் பார்த்துப் போட வேண்டும். கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நாடி எண்ணியவள் நான். "நாக்கைப் பாருடி, காஞ்சுதா?" என்று சிஸ்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். விடியும்போது கிட்னி ட்ரே முழுக்க உடைந்த ஆம்பூல்கள். அப்படிப்பட்ட ராத்திரிகள் எண்ணிக்கையில் சேர வேண்டும். மாடியில் வெள்ளை போர்டில் எழுதிப்போட்டால் வராது.

வசதி இல்லை என்றீர்கள். நான்கு லட்சம் வரை கல்விக் கடனுக்கு உங்கள் பங்குப் பணம் கேட்க மாட்டார்கள். ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் வேண்டியதில்லை. பாப்பா ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். முதலில் அரசு ஒதுக்கீட்டுக் கவுன்சலிங்குக்கு விண்ணப்பம் போடுங்கள்.

திருத்துறைப்பூண்டி, ஜி.என்.எம். முடித்தவர்: ஆறு வருஷமா பிரைவேட்ல இருக்கேன், சம்பளம் 13 ஆயிரம். வேலையை விட்டுட்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படிக்கட்டுமா?

இதுதான் நம் ஊரின் நிஜமான குறுக்கு வழி. ஜி.என்.எம். முடித்தவர் இரண்டே வருடத்தில் பட்டதாரி ஆகிவிடலாம். பிரயோஜனம் உண்டா என்பது நீ எங்கே போகப் போகிறாய் என்பதைப் பொறுத்தது.

எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் மாநில அரசு வேலைதான் குறி என்றால் அவசியமே இல்லை, ஜி.என்.எம். போதும். (அங்கே தொகுப்பூதியத்தில் எடுத்து, நிரந்தரமாக்க வருடக்கணக்கில் காக்க வைக்கிறார்கள் என்பது உனக்கே தெரியும்.) எய்ம்ஸ் நர்ஸ் வேலைக்கு எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்விலும் 50 படுக்கைக்குக் குறையாத ஆஸ்பத்திரியில் இரண்டு வருட அனுபவம் இருந்தால் ஜி.என்.எம். காரர்கள் எழுதலாம். உன் ஆஸ்பத்திரி அந்த அளவு என்றால் நீ இப்போதே எழுதலாம் என்று அர்த்தம். அனுபவச் சான்றிதழை இந்த வாரமே எழுதி வாங்கி வை. வேலையை விட்டபின் கேட்டால் இழுத்தடிப்பார்கள்.

டியூட்டர் ஆக வேண்டும், எம்.எஸ்சி. போக வேண்டும் என்றால் மட்டும் போஸ்ட் பேசிக் படி. 13 ஆயிரத்தை 15 ஆயிரம் ஆக்குவதற்காகப் படிக்காதே. இரண்டு வருடச் சம்பளமும் போய், ஃபீஸும் போகும்.

நாகப்பட்டினம், பி.எஸ்சி. நர்சிங் 2022: அமெரிக்கா போகணும்னா அங்க ஒரு துரித டிகிரி முடிச்சாகணும்னு கன்சல்டன்சில சொல்றாங்க. 30 லட்சம் ஆகுமாம்.

தம்பி, உன்னிடம் இருக்கும் டிகிரியையே உனக்குத் திரும்ப விற்கப் பார்க்கிறார்கள். அந்தப் படிப்பு நர்சிங் படிக்காதவர்களுக்கு. உனக்கு வேண்டியது சான்றிதழ் மதிப்பீடு, ஆங்கிலத் தேர்வு, என்கிளெக்ஸ், விசாவுக்குக் கேட்கும் விசாஸ்க்ரீன் சான்றிதழ். என்கிளெக்ஸ் சென்னையிலேயே எழுதலாம். ஐந்து மணி நேரம், 85-லிருந்து 150 கேள்விகளுக்குள் கம்ப்யூட்டரே நிறுத்திவிடும். 200 டாலர் தேர்வுக் கட்டணம், வெளிநாட்டில் எழுத மேலும் 150.

ஆனால் பாஸ் செய்த மறுமாதமே விமானம் ஏறலாம் என்று நினைக்காதே. நர்ஸ்கள் போகும் இபி-3 கிரீன் கார்டு வரிசையில் இந்தியர்களுக்குப் பத்து வருடத்துக்கு மேல் காத்திருப்பு. அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். இங்கிலாந்துக்கு ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் 7 (எழுத்தில் 6.5), இங்கே ஒரு கம்ப்யூட்டர் தேர்வு, அங்கே போய் ஓஸ்கி என்னும் செய்முறைத் தேர்வு. வளைகுடாவுக்கு இரண்டு வருட அனுபவம். சவுதி, குவைத் போன்ற நாடுகளுக்கு நர்ஸ் எடுப்பதை அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் செய்ய வேண்டும் என்று 2015-லேயே விதி வந்துவிட்டது. சென்னையில் 1978 முதல் இருக்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நம் மாநில அரசுடையது. முதலில் அங்கே போ.

வேதாரண்யம்: பையன் பிளஸ் டூ. ஜெர்மனியில சம்பளத்தோட நர்சிங் படிக்கலாம், ஆறு லட்சம் கட்டுங்கங்கறார் ஏஜென்ட். மூணு மா நிலம் இருக்கு.

நிலத்தைத் தொடாதீர்கள். கஜா புயலுக்குப் பிறகு மிஞ்சியது அது.

படிப்பு உண்மைதான், மூன்று வருடம், மாதம் 1,000 யூரோவுக்கு மேல் உதவித்தொகை. குறுக்கு வழி இல்லை, முழுநீளப் படிப்பு, அதுவும் ஜெர்மன் மொழியில். மொழித் தேர்வில் குறைந்தது பி1 நிலை, பல இடங்களில் அதற்கு மேலான பி2 தேர்ச்சி கேட்கிறார்கள். பையனை முதலில் மொழி வகுப்பில் சேருங்கள். பி1-க்குக் கீழ்ப்படியான ஏ2 வரை ஆர்வமாகத் தாண்டினால் மேற்கொண்டு பேசலாம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கலாம் என்று அரசு வைத்திருக்கும் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். ஆறு லட்சம் எதற்கு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள், ரசீதோடு.

கும்பகோணம், 33 வயது, பி.காம்.: டிகிரி இருக்கிறதால இங்க வருஷம் குறையுமா?

குறையாதும்மா. பி.எஸ்சி. நர்சிங்குக்கு பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும், அது உனக்கு அடைபட்ட கதவு. ஜி.என்.எம்.முக்கு இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி எந்தப் பிரிவானாலும் 40 சதவீதமும் ஆங்கிலத் தேர்ச்சியும் போதும். உச்ச வயது 35. இந்த வருடம் இல்லையென்றால் அடுத்த வருடம், அதற்கு மேல் தள்ளிப்போட முடியாது.

மயிலாடுதுறை: நல்ல காலேஜ்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பிராஸ்பெக்டஸைப் பார்க்காதீர்கள், கட்டடத்தையும் பார்க்காதீர்கள். பி.எஸ்சி. நர்சிங் கல்லூரிக்குச் சொந்தமாக 100 படுக்கை ஆஸ்பத்திரி வேண்டும் என்பது விதி. காலை ஏழு மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல் அந்த ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கட்டிலில் ஆள் இருக்கிறார்களா, கசங்காத போர்வைதான் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தடவை நான் போன இடத்தில் லேப் பொம்மைக்குப் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. மூன்றாம் வருடப் பிள்ளைகள் அதைச் சுற்றி நின்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் யூனிஃபார்மோடு நிற்கும் பிள்ளையிடம் கடைசியாக நைட் டியூட்டி எப்போது பார்த்தாய் என்று பேச்சுக் கொடுங்கள். யோசித்துப் பதில் சொன்னால் வேறு காலேஜ் பாருங்கள்.